குடைக்காரரின் மேடு

வெயில் சாயத் தொடங்கியபோது மருதையாற்றில் இறங்கினோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் உள்ளங்காலைச் சுட்டது. என்னோடு வந்தவர் ஓர் இடத்தில் குந்தி, கையால் மணலைப் பறித்தார். முழங்கை ஆழம் போனதும் நீர் கசிந்தது. கலங்கல் தெளியும்வரை காத்திருந்தோம். பிறகு குடித்தோம்.

பெரம்பலூருக்குக் கிழக்கே மேட்டுக் காட்டில் போட்டிருந்த ஒரு சர்வே முகாமை விட்டு விடியும்போதே கிளம்பியிருந்தோம். அரியலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். பஸ் இருந்தது. ஆனால் போர்க்காலம், பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் ஏறியவர்களே இறங்கித் தள்ள வேண்டும்.

"காசும் குடுத்து வண்டியையும் தள்ளுறதுக்கு நடந்தே போயிடலாம் தம்பி" என்று அவர் காலையில் சொன்னார்.

முகாமில் அளக்கும் கருவிக்கு வெயில் படாமல் குடை பிடித்தவர் அவர். நாங்கள் எல்லோரும் குடைக்காரர் என்றே கூப்பிட்டோம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவர் மனைவி பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அரியலூருக்குச் சற்று முன்னாலேயே அந்த ஊர். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று முகாமுக்கு ஆள் வந்து சொல்லியிருந்தான். அவர் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. இதற்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகளும், முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து முப்பது கும்பிடுவதற்குள் இறந்துவிட்டன. முகாமில் எல்லோருக்கும் இது தெரியும். அவரே ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது, மழை பெய்யாததைச் சொல்வதுபோல, இதைச் சொன்னார்.

எனக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவர் கிழக்கே போனார், நானும் போனேன். வீட்டை விட்டு எப்போது கிளம்பினாய் என்று யாராவது கேட்டால், எந்தத் தடவை என்று திருப்பிக் கேட்கும் நிலையில் இருந்தேன்.

முகாமில் சேர்வதற்கு முன் குரும்பலூரில் ஒரு மிளகாய் வியாபாரியிடம் இருந்தேன். சாக்கு மூட்டைகளின் மேல் ஊர்ப் பெயரையும் எடையையும் எழுதுவது என் வேலை. மிளகாய் நெடியில் கண் எப்போதும் சிவந்திருக்கும். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டாலும் எழுத்து நன்றாக இருந்தது. அந்த வழியாகப் போன சர்வே அதிகாரி மூட்டைகளைப் பார்த்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார். மறுநாளே நான் அவருடைய கூடாரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர்களுடைய வேலை எனக்குப் புரியச் சில நாட்கள் ஆயின. மூன்று கால் கட்டையின் மேல் ஒரு பித்தளைக் கருவி. அதற்குள் ஒரு காந்த முள். மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறைக்கு ஏற்றபடி அந்த முள் கொஞ்சம் சாயும். அதிகாரி குனிந்து கண்ணாடித் துளை வழியாகப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வார். பக்கத்தில் நிற்கும் குமாஸ்தா குறித்துக்கொள்வார். பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு நேர்கோட்டில் நடப்பார்கள். அடுத்த முளைக்குச்சி வந்ததும் நிற்பார்கள். கம்பங்கொல்லை, முட்புதர், ஓடை எது குறுக்கே வந்தாலும் கோடு வளையாது. ஒரு வரிசை முடிந்தால் கொஞ்சம் தள்ளி அடுத்த வரிசை.

சாயங்காலம் எண்கள் என்னிடம் வரும். பெரிய வரைபடத் துணியில் எந்த எண் எந்த இடத்தில் வந்ததோ அந்த இடத்தில் கறுப்பு மையால் எழுதுவேன். முதலில் துணி முழுவதும் எறும்பு மொய்த்ததுபோல இருந்தது. அதிகாரி பென்சிலை எடுத்து ஒரே அளவான எண்களைக் கோட்டால் சேர்த்தார். எண்பது இருக்கும் இடங்களையெல்லாம் ஒரு கோடு சேர்த்துக்கொண்டே போகும். எண்பது அகப்படாத இடத்தில், எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே எங்கோ எண்பது இருக்கத்தான் வேண்டும் என்று வைத்துக்கொண்டு அதன் வழியே போகும். ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டக் கூடாது. பென்சில் கோட்டின் மேல் நான் மை ஓட்டுவேன். மை காய்ந்ததும், எண் கூடிய இடத்துக்குச் சிவப்பும் குறைந்த இடத்துக்கு நீலமுமாக, கோடுகளுக்கு நடுவே நீர்த்த வண்ணம் பூசுவேன்.

அப்படிப் பூசும்போதுதான் தரைக்குக் கீழே ஏதோ இருப்பது தெரிய வந்தது. மேற்கே, பெரம்பலூர்ப் பக்கம், கோடுகள் நெருங்கி முறுக்கிக்கொண்டு கிடந்தன. கிழக்கே, அரியலூர்ப் பக்கம், ஒன்றைவிட்டு ஒன்று விலகி மெத்தென்று போயின.

"கோடு நெருக்கமா இருந்தா பாறை பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். விலகிப் போனா ஆழத்துல இருக்கு" என்றார் அதிகாரி. அவர் மதராஸ்காரர். யாரிடமும் சத்தம் போட்டுப் பேச மாட்டார். "இங்கேர்ந்து கிழக்கே ஒரு காலத்துல கடல் இருந்தது. பாறைக்கு மேல அந்தக் கடலோட சேறும் சுண்ணாம்பும் மூடிக் கிடக்கு."

"அதான் சார் இங்க கெணத்துத் தண்ணிக்கு உப்பே போட வேணாம்" என்று ஒரு கூலியாள் சொன்னான். அதிகாரி சிரித்தார்.

கருவிக்குப் பக்கத்தில் இரும்பு வரக் கூடாது. முதல் நாளே அதிகாரி எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பேனாக்கத்தி, சாவி, அரிவாள் எல்லாவற்றையும் கூடாரத்தில் வைக்கச் சொன்னார். செருப்பின் அடியில் ஆணி இருக்கும் என்று செருப்பும் போயிற்று. தன் கைக்கடிகாரத்தையும் இடுப்பு வாரையும் கழற்றி வைத்துவிட்டு அவர் துணிச் செருப்போடு நடந்தார். வெயில் பட்டால் முள் தடுமாறும். அதனால் கருவிக்கு எப்போதும் நிழல் வேண்டும். கடைக் குடையில் இரும்புக் கம்பி இருக்கிறது. ஆகவே மூங்கில் காம்பு போட்ட ஓலைக்குடை ஒன்றைச் செய்து வாங்கினார்கள். அதைப் பிடிக்கத்தான் குடைக்காரர். கருவிக்கு ஒரு முழம் தள்ளி, அசையாமல் நிற்க வேண்டும். அவரைப்போல நிற்க வேறு யாராலும் முடியவில்லை.

குழந்தை பிறந்த செய்தி வந்த சில நாட்களில் வரிசை ஓர் ஓடையைத் தாண்டியது. ஓடைக்கு அந்தப் பக்கம் சுடுகாடு. காலையில் முகாமிலிருந்து கிளம்பினால் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர உச்சிப்பொழுது ஆகிவிடும்.

அன்றைய எண்களை எழுதியபோதே கோளாறு தெரிந்தது. மெத்தென்று போய்க்கொண்டிருந்த கிழக்குப் பக்கத்தில் எண்கள் திடீரென்று ஏறின. அடுத்த வரிசையிலும் அதே இடத்தில் ஏறின. அதிகாரி பென்சிலால் சேர்த்தார். கோடுகள் வளையத்துக்குள் வளையமாகச் சுருண்டு மூடிக்கொண்டன. நடுவில் நல்ல சிவப்புப் பூசினேன். அந்தப் படத்திலேயே அழகான இடம் அது. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

குடைக்காரர் கூடாரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்னா தம்பி, மாட்டுக்கண்ணு மாதிரி?"

"சுடுகாடுண்ணே. அதுக்குக் கீழ இரும்பு இருக்குன்னு காட்டுது."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இருக்கும். அந்த எடத்துல எது வேணா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு எதையும் அவர் நினைக்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

எண்கள் ஏறிய அந்த இடத்தை மேடு என்றார் அதிகாரி; அது அவர் தூக்கத்தைக் கெடுத்தது. அவ்வளவு நெருக்கமான வளையம் என்றால் சங்கதி ஆழத்தில் இல்லை, தரைக்குச் சற்றுக் கீழேயே இருக்க வேண்டும். பழங்காலத்தில் இரும்பு உருக்கிய கசடாக இருக்கலாம் என்றார். சுடுகாட்டுக்குள் தோண்ட ஆட்கள் ஒப்பவில்லை. ஓரமாகத் தோண்டினார்கள். செம்மண் வந்தது, சுக்கான்கல் வந்தது, கல்லாகிப்போன சிப்பிகள் வந்தன. இரும்பு வரவில்லை.

மறுநாள் அதிகாரி கருவியை அங்கே மறுபடி நிறுத்தினார். குமாஸ்தா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். கருவியை நிறுத்தி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குடைக்காரர் வழக்கம்போல வந்து நிழல் பிடித்தார். முள் நகர்ந்தது. அதிகாரி நிமிர்ந்தார்.

"கொஞ்சம் தள்ளிப் போ."

தள்ளிப் போனார். முள் திரும்பியது.

"வா."

வந்தார். முள் மறுபடி சாய்ந்தது.

"படத்துல இருக்கிற மேடு நீதான்யா" என்றார் அதிகாரி. "மடியில என்ன வெச்சிருக்கே?"

வேட்டி மடிப்பிலிருந்து குடைக்காரர் ஒரு லாடத்தை எடுத்தார். மாட்டின் குளம்பில் அடிக்கும் லாடம், தேய்ந்துபோனது. கூட இருந்த ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "ஏண்ணே, சந்தைக்கு நடந்து போறீங்களா, வண்டியில பூட்டுறாங்களா?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான்.

அவர் மறைக்கவில்லை. கூடாரத்துக்குத் திரும்பி வந்ததும் என் முன்னாலேயே அதிகாரியிடம் சொன்னார். "வூட்ல பச்சப்புள்ள இருக்குதுங்க. உச்சி வேளையில அந்த எடத்த வெறும் ஆளா தாண்டினா காத்துக் கருப்பு கூட வரும். இரும்பு இருந்தா அண்டாது. மத்த எடத்துல வெச்சுக்கிறதில்லீங்க. ஓடை தாண்டுறப்ப மட்டுந்தான் எடுத்துச் சொருவிக்குவேன். ஓடைப் பொந்துல ஒளிச்சு வெச்சிருந்தேன். ரெண்டு புள்ளைய வாரிக் குடுத்தவன் சார் நானு."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏசவில்லை. "எனக்குப் புரியுது. ஆனா சுடுகாட்டைச் சுத்தி இருக்கிற வரிசை எல்லாம் திரும்ப அளக்கணும். முள்ளு காலையில ஒரு மாதிரி நிக்கும், மத்தியானம் ஒரு மாதிரி நிக்கும். அதனால அதே நேரத்துல அளந்தாத்தான் சரியா வரும். உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆளைப் பிடிக்கச் சொல்றேன். உனக்கு வேற வேலை என்கிட்ட இல்ல."

அந்தக் கோடையில் எந்த ஊரிலும் வேலை இல்லை. தாய் வீட்டில் இருந்தாலும் மனைவிக்குச் சோளம் இவர்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். வெளியே போய் ஒரு பீடியை முழுவதும் இழுத்துவிட்டு வந்தார். லாடத்தை என் பெட்டியின் மேல் வைத்தார். "இது இங்க இருக்கட்டும் தம்பி" என்றார்.

கூடாரத்தின் திறப்பு வழியாகப் பார்த்தால் தூரத்தில் ஓலைக்குடை தெரியும். மறுநாள் உச்சிப்பொழுதில் அது சுடுகாட்டுப் பக்கம் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. நான் பழைய வளையங்களைச் சவரக்கத்தித் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தேன். மை போயிற்று. சிவப்பு துணிக்குள் இறங்கியிருந்தது. வெளுத்ததே தவிரப் போகவில்லை. சாயங்காலம் வந்த எண்களில் ஏற்றம் எதுவும் இல்லை. கோடுகள் அந்தக் கறையின் மேல் மெத்தென்று போயின. "இப்ப சரியா இருக்கு" என்றார் அதிகாரி. சரியாகத்தான் இருந்தது. எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. கை வலித்தது, அவ்வளவுதான்.

இரண்டொரு நாளில் முகாமைப் பிரித்து வண்டிகளில் ஏற்றினார்கள். வேலை வேறு ஜில்லாவுக்குப் போகிறது, உள்ளூர் ஆட்கள் தேவையில்லை என்றார்கள். குடைக்காரரும் அதில் ஒருவர். என்னை மட்டும் அதிகாரி கூட வரச் சொன்னார். வருகிறேன் என்றுதான் சொன்னேன். விடியும்போது குடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் எழுந்து அவர் பின்னால் நடந்துவிட்டேன்.

ஆற்றைத் தாண்டி மறுகரை ஏறியதும் மண்ணின் நிறம் வெளுத்தது. வேலி ஓரமெல்லாம் சுண்ணாம்புத் தூள். மனைவியின் ஊர் எல்லையில் ஒரு சுண்ணாம்புக் காளவாய் புகைந்துகொண்டிருந்தது. அங்கே வந்ததும் குடைக்காரர் நின்றுவிட்டார்.

"அதோ தெரியுது பாரு, பூவரசு நிக்கிற வூடு. நீ போயி புள்ளையப் பாத்துட்டு வா."

"நீங்கண்ணே?"

"நான் எப்படிடா வருவேன்? வெறும் ஆளா அங்க நின்னுட்டு வந்திருக்கேன்."

அதுவரை எனக்கு இது தெரியாது. பிள்ளையைப் பார்க்கத்தான் அவ்வளவு வேகமாக நடக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"குளிச்சிட்டா போயிடாதாண்ணே?"

"மொத புள்ளைக்கும் குளிச்சிட்டுத்தான் போனேன்." பக்கத்திலிருந்த குளத்தைக் கை காட்டி, "நீ டேராவுலயே உக்காந்திருந்தே. ஒம்மேல ஒண்ணும் இல்ல. இருந்தாலும் முங்கிட்டுப் போ" என்றார்.

குளத்தில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு போனேன். வாசலில் ஒரு பெண், அவர் மனைவிதான், முறத்தில் வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். யார் என்று நான் சொல்வதற்குள் அவளே சிரித்தாள்.

"ஈரத்தோட வரீங்க. அவருதான் அனுப்பினாரு, இல்ல? எங்க ஒளிஞ்சிருக்காரு?"

"காளவாய்கிட்ட நிக்கிறாருங்க."

"ஆம்பளைன்னு பேரு. எலி ஓடினாலும் காத்துக் கருப்பும்பாரு. ஏன் தம்பி, நீங்களும் அந்தக் கேம்புலேர்ந்துதானே வரீங்க? நீங்க மட்டும் என்ன கோயில்லேர்ந்தா வந்தீங்க?"

"நான் டேராவுல படம் போட்டுக்கிட்டு இருந்தேங்க." பிறகு நடந்ததைச் சொன்னேன். சுடுகாட்டையும், முள்ளையும், லாடத்தையும், அதிகாரி சொன்னதையும் சொன்னேன். முறம் நின்றுவிட்டது.

"இரும்ப எடுத்து வெச்சிட்டா நின்னாரு?"

"ஆமாங்க."

"உச்சி வேளையிலயா?"

"ஆமாங்க. வரிசை முடியறவரைக்கும்."

அவள் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். கேலி செய்தவள் ஆயிற்றே, வரச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப வர வேணாம்னு சொல்லுங்க" என்றாள். "முப்பது கழியட்டும்."

உள்ளே போய்க் குழந்தையை எடுத்து வந்தாள். நிலைப்படியைத் தாண்டவில்லை. நானும் முற்றத்தைத் தாண்டவில்லை. பழைய சேலைத் துணிக்குள் சிவந்த முகம் தெரிந்தது. கண்ணை மூடியிருந்தது. வாய் எதையோ சப்புவதுபோல அசைந்தது.

"மூக்கு அவரு மூக்கு. போயி சொல்லுங்க." நான் திரும்பியபோது, "வேணாம், சொல்லாதீங்க. வந்து பாத்துக்கட்டும்" என்றாள். குழந்தையை உள்ளே கிடத்திவிட்டு வந்து, ஒரு துணியில் கொஞ்சம் வறுத்த கடலை முடிந்து, கையில் தராமல் முற்றத்துத் தரையில் வைத்தாள்.

காளவாய்க்குத் திரும்பியபோது குடைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். அவள் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினார். அதைத்தான் எதிர்பார்த்தவர்போல இருந்தது.

"சொன்னாளா? நல்லது. புள்ள எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே."

"முடி இருக்கா?"

"இருக்குன்னு நெனக்கிறேன். துணி மூடியிருந்துது."

"நெறம்?"

"செவப்பா இருந்துது."

"பொறந்த புள்ள எல்லாமே செவப்பாத்தான்டா இருக்கும். அழுவுதா?"

"நான் இருந்தப்ப அழுவல."

"படம் போடுறவன் ஒழுங்கா பாக்க வேணாமா?" என்றார். பிறகு கீழே கிடந்த ஒரு கரித்துண்டை எடுத்து நீட்டினார். "சரி, மொகம் எப்படி இருந்துச்சுன்னு வரைஞ்சு காட்டு."

"ஆள் வரையத் தெரியாதுண்ணே. யாராவது நம்பர் சொன்னாத்தான் எனக்கு வரும்."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் நின்றது. கடலையை இரண்டாகப் பங்கிட்டோம். அவர் தன் பங்கைத் தின்னவில்லை.

"நாளைக்கும் போயிப் பாத்துட்டு வருவியா?"

"நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேண்ணே. ரயில் ஸ்டேஷனுக்குப் போகலாம்னு இருக்கேன்."

இருட்டியதும் அவர் காளவாயின் சூடு படும் பக்கமாகத் துண்டை விரித்துப் படுத்தார். பூவரசு வீட்டின் விளக்கு தெரியும் பக்கமாகத் தலையை வைத்துக்கொண்டார். நானும் படுத்துத் தூங்கிவிட்டேன்.

காலையில் காளவாய் மேஸ்திரி வந்தார். கல் உடைப்பவன் ஒருவன் ஓடிப்போய்விட்டான் என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தவர், எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார். குடைக்காரர் எழுந்து, கல் உடைக்கிறேன் என்றார்.

"எவ்வளவு நாளைக்கு இருப்பே?"

"எம் புள்ளைக்கு முப்பது கழியறவரைக்குங்க."

மேஸ்திரிக்கு அது விளங்கவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ? கல் சுமக்க ஆள் வேணும்."

நான் வீட்டுப் பக்கம் பார்த்தேன். வாசலில் அந்தப் பெண் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். குடைக்காரர் என்னைப் பார்க்காமல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு இருக்கிறவரைக்கும் இருக்கேங்க" என்றேன். "சாயங்காலம் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் விட்டுடணும். ஒரு வூட்டுக்குப் போயிட்டு வரணும்."

"மொத நாளே சீக்கிரமா?" என்றார் மேஸ்திரி. ஆனாலும் மூங்கில் கூடையை என் பக்கம் காலால் தள்ளினார். தலைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டு கூடையை எடுத்தேன்.